ஐமேக்கில் ஹார்டு டிஸ்க்கை மாற்றுதல்

திரை, மதர்போர்டு, மின்வழங்கி, ஒலிபெருக்கி, ஹார்டு டிஸ்க் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிய மேசைக் கணினியை ஆல்-இன்-ஒன் என்கிறார்கள். தனிப்பெட்டி உள்ள சாதாரணக் கணினியில் ஹார்டு டிஸ்க்கை மாற்றப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, நான்கு ஸ்க்ரூக்களை அவிழ்த்து, இரண்டு கேபிள்களை உருவினால் போதும். கால் மணி நேர வேலை. ஆல்-இன்-ஒன்னிலும் வட்டு அதே வட்டுதான், கேபிளும் அதே கேபிள்தான். ஆனால் அதை எட்டுவதற்கு முன் கண்ணாடி, பசை, வெப்ப உணரி, மெல்லிய திரைக் கேபிள்கள் எனப் பல தடைகளைத் தாண்ட வேண்டும். இந்தச் சிக்கல்கள் அனைத்தையும் ஒருசேரக் காட்டுவது ஆப்பிள் நிறுவனத்தின் ஐமேக். 2009 முதல் 2019 வரை வந்த அதன் இன்டெல் மாடல்கள் பல இன்றும் வீடுகளிலும் ஸ்டுடியோக்களிலும் அச்சகங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றில் முதலில் தளர்வது ஹார்டு டிஸ்க்தான்.

வட்டு ஏன் மந்தமாகிறது?

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் காந்தத் தட்டுகளும், அவற்றின் மேல் ஊசலாடும் கையும் கொண்ட இயந்திரம். கையின் நுனியில் உள்ள தலை, தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றுப் படலத்தின் மேல் மிதந்தபடி எழுதவும் படிக்கவும் செய்கிறது. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட ராமாக் கணினியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அடிப்படை அமைப்பு இன்றும் அதுதான். அளவு சுருங்கி, கொள்ளளவு பெருகியிருக்கிறது.

ஒரு கோப்பைப் படிக்க இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். கை உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதன்பின் தேவையான பகுதி தலையின் கீழ் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். 27 அங்குல ஐமேக்கில் உள்ள வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, சுமார் 4.2 மில்லி நொடி. கை நகர ஏறத்தாழ 9 மில்லி நொடி. இரண்டையும் கூட்டினால் 13 மில்லி நொடிக்கு மேல். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்குச் சுமார் 75 மட்டுமே படிக்க முடியும். துண்டு ஒன்றுக்கு 4 கேபி என்றால் நொடிக்கு 300 கேபிதான் தேறும். அதே வட்டு ஒரு பெரிய வீடியோவைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்பிக்கு மேலும் தரும். கணினி தொடங்குவது, செயலி திறப்பது போன்றவை முதல் வகையைச் சேர்ந்தவை. எனவே வட்டின் மந்தம் அங்குதான் உறைக்கிறது.

2012 முதல் வந்த 21.5 அங்குல மாடல்களின் நிலை இன்னும் மோசம். கூட்டை மெலிதாக்குவதற்காக அவற்றில் மடிக்கணினிக்கான 2.5 அங்குல வட்டு பொருத்தப்பட்டது. அது நிமிடத்துக்கு 5,400 முறைதான் சுழலும். 2019-இல் வெளியான அடிப்படை மாடலிலும் இதே வகை வட்டுதான் இருந்தது. இதற்கிடையே ஆப்பிள், ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமையைக் கொண்டுவந்தது. 2018-இல் வந்த மொஹாவே இயங்குதளப் பதிப்பிலிருந்து ஹார்டு டிஸ்க் உள்ள மேக்குகளும் அதற்கு மாறின. பிளாஷ் நினைவகத்தை மனத்தில் வைத்து வடிவமைத்த முறை அது. கோப்பை மாற்றும்போது பழைய இடத்திலேயே எழுதாமல் புதிய இடத்தில் எழுதும். பிளாஷில் இதனால் இழப்பில்லை. சுழலும் வட்டிலோ தரவு மேலும் சிதறி, கை ஓயாமல் அலைய நேரிடுகிறது. பழுதே இல்லாத வட்டுகூடப் புதிய இயங்குதளத்தில் திணறுவதற்கு இது முக்கியக் காரணம்.

ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. தரவு, சிலிக்கன் செல்களில் சிறைப்பட்ட எலக்ட்ரான்களாக இருக்கிறது. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் 1980-களில் ஃபூஜியோ மசுவோகா உருவாக்கிய பிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. எந்தத் துண்டையும் மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு நேரத்தில் எடுத்துவிடலாம். ஆகவே பழைய ஐமேக்கில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு இன்னொரு ஹார்டு டிஸ்க்கையே போடுவதில் இன்று பொருளில்லை. எஸ்எஸ்டி போடுவதே முறை.

பழுதின் அறிகுறிகள்

மந்தம் வேறு, பழுது வேறு. சாதாரண வேலையிலும் வண்ணச் சக்கரம் நெடுநேரம் சுழல்வது, கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் நிற்பது, தொடங்கும்போது கேள்விக்குறி உள்ள கோப்புறை தெரிவது, உள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்ற ஓசை வருவது ஆகியவை பழுதின் அறிகுறிகள். ஸ்மார்ட் எனப்படும் தற்சோதனைப் பதிவு ஒவ்வொரு வட்டிலும் உண்டு. அதில் ஐந்தாம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. 197-ஆம் எண், படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை. இவை பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கி, நாளுக்கு நாள் கூடினால் வட்டை நம்ப முடியாது.

டிக் ஓசை வந்துவிட்டால் மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்ப்பது கூடாது. தலை, தட்டில் உரசியிருந்தால் ஒவ்வொரு சுழற்சியும் எஞ்சிய தரவைச் சுரண்டி எடுக்கும். வட்டை ஃபிரீசரில் வைத்து எடுக்கும் நாட்டு வைத்தியமும் ஆபத்தானது. வெளியே எடுத்ததும் ஈரம் படிந்து தட்டு மேலும் கெடும். முக்கியமான தரவு உள்ளே இருந்தால், தூசியற்ற அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிலையத்திடம் ஒப்படைப்பதே வழி.

எந்த ஆண்டு மாடல், எப்படித் திறக்கும்?

வேலையைத் தொடங்குமுன் அறிய வேண்டிய முதல் விஷயம் கணினியின் ஆண்டு. ஒரே பெயரில் வந்தாலும் ஐமேக்கைத் திறக்கும் முறை தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. 2004-இல் வந்த ஐமேக் ஜி5, கீழ் விளிம்பில் உள்ள மூன்று ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் பின்பக்கம் முழுவதும் கழன்றுவிடும்படி அமைந்திருந்தது. பயனரே வட்டை மாற்றிக்கொள்ள ஆப்பிள் அப்போது வழிகாட்டி தந்தது. அடுத்த ஆண்டிலேயே அந்த அமைப்பு மாறி, முன்பக்கமாகத் திறக்க வேண்டியதாயிற்று.

2009 இறுதி முதல் 2011 வரையிலான மாடல்களில் முன்கண்ணாடி காந்தங்களால் மட்டுமே நிற்கிறது. இரண்டு உறிஞ்சு கிண்ணங்களை மேல் மூலைகளில் ஒட்டி இழுத்தால் வந்துவிடும். அதன் கீழே உள்ள எல்சிடி திரையை டி10 டார்க்ஸ் ஸ்க்ரூக்கள் எட்டு பிடித்திருக்கின்றன. பசையே கிடையாது. திறக்க எளிது, ஆனால் மூடும்போது கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே ஒரு தூசி சிக்கினாலும் கண்ணை உறுத்தும்.

2012 இறுதியில் வந்த மெலிந்த வடிவத்தின் விளிம்பு 5 மி.மீ. மட்டுமே. கண்ணாடியும் எல்சிடியும் ஒரே பலகையாக இணைக்கப்பட்டு, அந்தப் பலகை இருபக்கப் பசை நாடாவால் கூட்டின் விளிம்பில் ஒட்டப்பட்டது. ஸ்க்ரூவும் இல்லை, காந்தமும் இல்லை. 2019 வரை வந்த 21.5, 27 அங்குல மாடல்கள் அனைத்தும் இப்படித்தான்.

2020-இல் வந்த 27 அங்குல மாடலில் சாட்டா இணைப்பியில் செருகும் வட்டுக்கு இடமே இல்லை. சேமிப்புச் சிப்கள் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டுவிட்டன. 2021-இல் எம்1 சிப்புடன் வந்த 24 அங்குல மாடலும் அதற்குப் பின் வந்தவையும் அப்படியே.

வெப்ப உணரியும் விசிறியும்

2009 முதல் 2011 வரையிலான மாடல்களில் வட்டை மாற்றியவர்களைத் திகைக்க வைப்பது விசிறியின் இரைச்சல். புதிய வட்டைப் போட்டுக் கணினியை ஆன் செய்ததும், சில நிமிடங்களில் விசிறி முழு வேகத்தில் அலறத் தொடங்கும். பழுது ஒன்றும் நேர்ந்திருக்காது. வட்டின் சூடு எவ்வளவு என்பது கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

மூடிய மெல்லிய கூட்டுக்குள் திரையின் விளக்கும் செயலியும் மின்வழங்கியும் சேர்ந்து வெளியிடும் வெப்பத்தில் வட்டு வேகக்கூடும். பொதுவாக ஹார்டு டிஸ்க்குக்கு 60 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. எனவே அதற்கென்றே ஒரு விசிறியை ஆப்பிள் ஒதுக்கி, அதன் வேகத்தை வட்டின் வெப்பநிலையோடு இணைத்தது. 2009, 2010 மாடல்களில் வட்டின் பின்புறம் உள்ள சிறு ஊசிமுனைகளில் ஒரு கேபிள் செருகப்பட்டு வெப்பத் தகவல் எடுக்கப்பட்டது. சீகேட்டுக்கு ஒரு கேபிள், வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு வேறொன்று என நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். 2011-இல் தனிக் கேபிளை நீக்கி, மின் இணைப்பியின் வழியாகவே தகவல் வரும்படி செய்தார்கள். அதற்கேற்ற ஃபர்ம்வேர் உள்ள வட்டுகள் ஆப்பிளிடமிருந்து மட்டுமே வந்தன. கடையில் வாங்கும் வட்டு அந்த மொழியில் பேசாது. தகவல் வராதபோது சூடு உச்சத்தில் இருப்பதாகவே வைத்துக்கொண்டு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுமாறு கணினி வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

தீர்வுகள் இரண்டு. இணைப்பியின் நடுவே செருகப்படும் வெப்ப உணரிக் கேபிள் சந்தையில் கிடைக்கிறது. அது தன் உணரியால் வட்டின் சூட்டை அளந்து, கணினிக்குப் புரியும் வடிவில் அனுப்பும். இன்னொன்று, விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருள். முதலாவது செலவு கூடியது என்றாலும் நிலையானது. மென்பொருளோ இயங்குதளம் ஏறிய பின்புதான் வேலை செய்யும்.

எந்த எஸ்எஸ்டி?

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியே பொருந்தும். அதன் தடிமன் 7 மி.மீ. 27 அங்குல மாடலில் 3.5 அங்குல வட்டுக்கான இடம் இருப்பதால், அளவைச் சரிக்கட்டும் ஒரு தட்டு வேண்டும். சாட்டாவின் மூன்றாம் தலைமுறை நொடிக்கு 6 கிகாபிட் வேகம் கொண்டது. நடைமுறையில் அது நொடிக்கு 550 எம்பி. 2009, 2010 மாடல்களில் இணைப்பின் வேகம் அதில் பாதிதான். ஆனாலும் கவலைப்பட வேண்டியதில்லை. சிறு துண்டுகளைத் தேடி எடுக்கும் வேகத்தில்தான் எஸ்எஸ்டியின் மேன்மை. அது இணைப்பின் உச்ச வேகத்தை எட்டுவதே அரிது.

கழற்றும் முறை

முதல் வேலை பேக்கப். வெளி வட்டு ஒன்றில், மேக்குடன் வரும் டைம் மெஷின் செயலி மூலம் முழுப் பிரதி எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். வட்டு தடுமாறும் நிலையில் இருந்தால், முழுப் பிரதிக்குக் காத்திராமல் படங்கள், ஆவணங்கள் போன்ற மாற்றில்லாதவற்றை முதலில் எடுத்துவிடுவது நல்லது.

பிறகு கணினியை அணைத்து, எல்லாக் கேபிள்களையும் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். மின்வழங்கியின் பலகை உள்ளே உறையில்லாமல் திறந்தே இருக்கிறது. கேபிளைப் பிடுங்கிய பின்னும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்னூட்டம் தங்கியிருக்கலாம். வேலை முடியும்வரை அந்தப் பலகையில் கை படவே கூடாது. நிலைமின்சாரத்தைத் தவிர்க்க மணிக்கட்டுப் பட்டை அணிவதும் நல்லது.

2012 இறுதி முதல் வந்த மாடல்களில் அடுத்தது பசையை அறுப்பது. கணினியைத் தாங்கும் கால் முன்னும் பின்னும் அசையக்கூடியது என்பதால், அசையாமலிருக்க அட்டையாலான முட்டு ஒன்றைக் கொடுத்துக்கொள்கிறார்கள். அறுக்கும் கருவி, பீட்சா வெட்டும் உருளையைப் போன்ற சிறு பிளாஸ்டிக் சக்கரம். திரைக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள பிளவில் அதைச் செருகி, பக்கவாட்டின் கீழ்முனையில் தொடங்கி மேலே ஏற்றி, மேல் விளிம்பு வழியாக மறுபக்கம் இறக்க வேண்டும். சக்கரத்தின் நடுக்குமிழ் விளிம்பில் முட்டி நிற்பதால் அது ஆழமாகப் போய் உள்ளே எதையும் வெட்டிவிடாது. ஒரே தடவையில் அறுந்துவிடாது; முன்னும் பின்னுமாகப் பல தடவை ஓட்ட வேண்டும். பிறகு மேல் மூலைகளில் பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து எஞ்சிய பசையை விடுவிக்கலாம். மேல் விளிம்பின் நடுவில் கேமரா இருக்கிறது. அங்கே அட்டையை ஆழமாகச் செலுத்தக் கூடாது.

கண்ணாடி உடைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பசை முழுதும் அறுபடாமல் மூலையை நெம்பினால் விரிசல் விழும். திரையும் கண்ணாடியும் ஒன்றானதால் முழுப் பலகையையும் மாற்ற வேண்டிவரும். அதன் விலையோடு ஒப்பிட்டால் எஸ்எஸ்டியின் விலை அற்பம்.

மேல் விளிம்பு விடுபட்டதும் திரையைச் சற்றே முன்னோக்கிச் சாய்க்கலாம், முழுதாக எடுக்க முடியாது. திரைக்கு மின்சாரம் தரும் கேபிளும் படத் தகவல் தரும் கேபிளும் உள்ளே பிணைந்திருக்கின்றன. படக் கேபிளின் இணைப்பியில் சிறு உலோகக் கொக்கி உண்டு; அதைத் தூக்கிய பிறகு நேராக வெளியே இழுக்க வேண்டும். மேல்நோக்கி நெம்பினால் இணைப்பி மதர்போர்டிலிருந்து பெயர்ந்துவிடும். இரண்டையும் விடுவித்த பிறகு கீழ் விளிம்புப் பசையையும் உரித்துத் திரையைக் கழற்றி, மெத்தென்ற துணியின்மேல் படுக்க வைக்கலாம்.

இதன் பின் எஞ்சியிருப்பது சுலபம். டார்க்ஸ் திருப்புளியால் தாங்கிகளின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய வட்டை உயர்த்தி, மின்சாரமும் தரவும் தரும் சாட்டா இணைப்பியை உருவ வேண்டும். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது என்பதால், கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்வது பின்னால் உதவும். புதிய எஸ்எஸ்டியைத் தட்டில் பொருத்தி, அதே இடத்தில் அமர்த்தி, இணைப்பியைச் செருகினால் முடிந்தது.

ஒட்டும் முன் சோதனை

பழைய பசை நாடாவை மறுபடி பயன்படுத்த முடியாது. மாடலின் அளவுக்கேற்ப வெட்டிய புதிய நாடாத் தொகுப்பு வேண்டும். ஆனால் அதை உடனே ஒட்டிவிடக் கூடாது. திரையைக் கூட்டில் வைத்து, இரு கேபிள்களையும் செருகி, ஓரங்களைச் சாதாரண மாஸ்கிங் டேப்பால் பிடித்து நிறுத்தி, கணினியை ஆன் செய்து பார்க்க வேண்டும். இன்டெல் மாடல்களில் தொடங்கும்போது டி விசையை அழுத்தினால் தற்சோதனை ஓடும். எஸ்எஸ்டி தெரிகிறதா, விசிறி அமைதியாக இருக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்த பின்னரே விளிம்பிலும் திரையின் பின்னும் ஒட்டியிருக்கும் பழைய பசையை ஐசோபுரோப்பில் ஆல்கஹாலால் துடைத்து, புதிய நாடாவை ஒட்டி மூட வேண்டும். ஒட்டிய பிறகு ஒரு கேபிள் சரியாக அமரவில்லை என்று தெரிந்தால், நாடாவை அறுத்து முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை.

இயங்குதளமும் ஃபியூஷன் டிரைவும்

புதிய வட்டில் ஒன்றும் இருக்காது. பெரும்பாலான மாடல்களில் ஆப்ஷன், கமாண்ட், ஆர் விசைகளைச் சேர்த்து அழுத்தியபடி தொடங்கினால் இணையம் வழியே மீட்புத் தளம் வரும். அதில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்து, எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி வைத்து, வட்டின் தலைப்பெயரைத் தேர்ந்து, ஜியுஐடி பகிர்வு முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். பிறகு இயங்குதளத்தை நிறுவி, டைம் மெஷின் பிரதியிலிருந்து தரவை மீட்கலாம்.

பிற நிறுவன எஸ்எஸ்டிகளுக்கு ட்ரிம் வசதியை மேக் தானாக இயக்குவதில்லை. அழிக்கப்பட்ட கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்று வட்டுக்குச் சொல்லும் கட்டளை அது. அது இல்லாவிட்டால் காலப்போக்கில் எழுதும் வேகம் குறையும். 2015 முதல் டெர்மினலில் ட்ரிம்ஃபோர்ஸ் என்ற கட்டளையால் அதை இயக்க முடிகிறது.

2012-க்குப் பின் வந்த பல ஐமேக்குகளில் ஃபியூஷன் டிரைவ் இருக்கிறது. சிறிய பிளாஷ் பலகையையும் பெரிய ஹார்டு டிஸ்க்கையும் இணைத்து ஒரே வட்டாகக் காட்டும் ஏற்பாடு அது. தொடக்கத்தில் பிளாஷ் பகுதி 128 ஜிபி. 2015-இல் 1 டிபி மாடலுக்கு அது 24 ஜிபியாகச் சுருக்கப்பட்டது. தரவு இரண்டிலும் பிரிந்து கிடப்பதால், ஹார்டு டிஸ்க் கெட்டால் பிளாஷில் உள்ளதும் சேர்ந்தே போய்விடும். ஹார்டு டிஸ்க்கை மாற்றிய பிறகு இணைப்பைக் கலைத்து, எஸ்எஸ்டியைத் தனி வட்டாக வைத்துக்கொள்வதே எளிய ஏற்பாடு. பிளாஷ் பலகையையும் மாற்ற நினைத்தால் மதர்போர்டையே வெளியே எடுக்க வேண்டும். அது மதர்போர்டின் பின்புறம் இருக்கிறது.

கழற்றிய வட்டைப் பழைய இரும்புக் கடையில் அப்படியே போட்டுவிடக் கூடாது. ஓடும் நிலையில் இருந்தால், முழுதும் பூஜ்யத்தால் மேலெழுதி அழித்த பிறகே கொடுக்க வேண்டும். ஓடாத வட்டின் தட்டுகளிலும் தரவு அப்படியே இருக்கும். அதைத் துளையிட்டு அல்லது நொறுக்கி மின்கழிவுச் சேகரிப்பிடத்தில் சேர்க்கலாம்.

திறக்காமலே ஒரு வழி

கூட்டைத் திறக்காமலும் பெரும் பயனை அடையலாம். 2012 முதல் வந்த மாடல்களில் யுஎஸ்பி 3 இருக்கிறது. வெளி எஸ்எஸ்டி ஒன்றில் இயங்குதளத்தை நிறுவி, அதிலிருந்தே தொடங்கும்படி அமைத்துவிட்டால் உள்ளே உள்ள ஹார்டு டிஸ்க் வெறும் கிடங்காகிவிடும். யுஎஸ்பி வழியே பொதுவாக ட்ரிம் இயங்காது, மேசையில் ஒரு சிறு பெட்டி கூடுதலாகக் கிடக்கும் என்பவை இதன் குறைகள். 2009, 2010 மாடல்களில் யுஎஸ்பி 2 மட்டுமே. நொடிக்கு 480 மெகாபிட் என்ற அந்த வேகம் இதற்குப் போதாது.

மொத்தத்தில், 2009 முதல் 2011 வரையிலான ஐமேக் என்றால் உணரிக் கேபிளையும் வாங்கி வைத்துக்கொண்டு வீட்டிலேயே மாற்றலாம். 2012 முதல் 2019 வரையிலானதற்கு முதலில் வெளி எஸ்எஸ்டியை முயல்வதே அறிவுடைமை. உள்வட்டு பழுதாகி, கையில் பொறுமையும் தக்க கருவிகளும் இருந்தால் மட்டும் பசையை அறுக்கலாம். அதற்குப் பின் வந்தவற்றில் மாற்றுவதற்கு வட்டே இல்லை. அவற்றை வைத்திருப்போர் தவறாமல் பேக்கப் எடுத்து வர வேண்டும்.